உயிரோட இருக்கற எனக்கு கருமாதி பண்ணிட்டாங்க, இப்போ கையெழுத்து கேக்கறாங்க. என்ன பண்றது?

கரிசல்மண்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கறேன், எழுதறது இதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு விருதுநகர் மாவட்டத்துல ஒரு கிராமம். காலேஜ்ல கூடப் படிச்சவரை ரெஜிஸ்டர் மேரேஜ் பண்ணிக்கிட்டேன், அவர் வேற சாதி, இதுக்கு மேல அதைப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல. நான் வீட்டை விட்டு வந்த அந்த வாரமே ஊர் பூரா போஸ்டர் ஒட்டிட்டாங்க. காலேஜ் ஐடி கார்டுக்கு எடுத்த போட்டோ, மேல கண்ணீர் அஞ்சலி, பக்கத்துல தோற்றம்னு என் பிறந்த தேதி, மறைவுன்னு என் கல்யாணத் தேதி, கீழ துயரில் வாடும் குடும்பத்தார்னு எங்க அப்பா பேர், பெரியப்பா பேர், தம்பி பேர் வரைக்கும். அப்பா மொட்டை அடிச்சிக்கிட்டார். பதினாறாம் நாள் கண்மாய்க்கரையில காரியம் பண்ணி சொந்தபந்தத்தை எல்லாம் கூப்பிட்டு சாப்பாடு போட்டாங்க. பெரியப்பா மகன் அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல எனக்கே அனுப்பினான். அதுல அம்மாவை நடுவுல உட்கார வெச்சு சுத்தி பொம்பளைங்க மாரடிச்சு ஒப்பாரி வெக்கறாங்க, அம்மா மட்டும் அழவே இல்ல, கையை மடியில வெச்சிக்கிட்டு தரையையே பார்த்துட்டு இருக்கு.

அதோட எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சு வாழ்ந்துட்டேன். எங்களுக்கு ஒரு பொண்ணு, இப்போ ஸ்கூல் போறா. வீட்டுக்காரர் வீட்ல என்னை நல்லா பார்த்துக்கறாங்க.

போன மாசம் பக்கத்து வீட்டு அக்கா போன்ல இருந்து அம்மா பேசுச்சு. அப்பாவுக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சாம், மதுரையில ஆஸ்பத்திரியில இருக்கார், பேச்சு சரியா வரல, ஆனா என் பேரை மட்டும் ரெண்டு மூணு தடவை சொன்னாராம். அம்மா வான்னும் சொல்லல, வராதன்னும் சொல்லல. அடுத்து ரெண்டே நாள்ல தம்பி கூப்பிடறான், இத்தனை வருஷத்துல முதல் தடவையா. அப்பா எப்படி இருக்கார்னு நான்தான் கேட்டேன். அவன் விஷயத்துக்கு நேரா வந்துட்டான், கண்மாய்க்கு கீழ இருக்கற நிலத்தை விக்கப் போறாங்களாம், ஆஸ்பத்திரி செலவு இருக்காம், நீ வந்து சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல, பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கற விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிருன்னான். எனக்குத்தான் கருமாதி பண்ணிட்டீங்களே, செத்தவ எப்படிடா கையெழுத்து போடுவான்னு கேட்டேன். போனை வெச்சிட்டான். அப்புறம் பெரியப்பா பேசினார். வீட்டுப் படியேறணும்னா ஊர்ப் பெரியவங்க வெச்ச முறை ஒண்ணு இருக்காம், நான் மட்டும் வரணும், வீட்டுக்காரரும் பொண்ணும் வரக்கூடாது, தலையில தண்ணி ஊத்தி, கோயிலுக்கு அபராதம் கட்டி, எல்லார் கால்லயும் விழணுமாம்.

எனக்கு அப்பாவைப் பார்க்கணும். அது மட்டும் உறுதி. ஆனா செத்தவன்னு ஊருக்கே சொன்ன வீட்டுக்குள்ள எந்த முறையில போறதுன்னு தெரியல. பண்ணின கருமாதியை இல்லைன்னு ஆக்க நிஜமாவே ஏதாவது சடங்கு இருக்கா? சட்டப்படி இதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா? கையெழுத்து விஷயத்துல என்ன பண்ணலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மாவட்டகோர்ட் வாசல்:

அம்மா, நான் தென் மாவட்டத்துல சிவில் கேஸ் பார்க்கற வக்கீல். முதல்ல கையெழுத்து எதுலயும் போடாதீங்க, வெத்துப் பேப்பர்லயும் சரி, ஸ்டாம்ப் பேப்பர்லயும் சரி.

கருமாதி பண்றது, போஸ்டர் ஒட்டறது, தலை முழுகறது, இது எதுக்கும் சட்டத்துல துளி மதிப்பு கிடையாது. சாதியை விட்டுத் தள்ளி வெச்சாலும் மதம் மாறினாலும் ஒருத்தரோட சொத்துரிமை போகாதுன்னு வெள்ளைக்காரன் காலத்துல 1850லயே சட்டம் போட்டாச்சு. ஏன் அந்தச் சட்டம் தேவைப்பட்டுச்சுன்னா அதுக்கு முன்னாடி தள்ளி வெச்சவனுக்குப் பங்கு இல்லைங்கறதுதான் வழக்கம், உயிரோட இருக்கவனுக்கு காரியம் பண்றதோட பாதி நோக்கமே அங்கதான் இருந்துச்சு. இன்னிக்கு நமக்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் இருக்கு. தமிழ்நாட்டுல 1989லயே பொண்ணுங்களுக்கு பூர்வீகச் சொத்துல பங்கு வந்துச்சு, ஆனா அது அந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகாதவங்களுக்கு மட்டும்தான். 2005 செப்டம்பர் 9ல இருந்து நாடு பூரா மகளுக்கும் மகனுக்கும் ஒரே உரிமை. 2020 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் வினீதா சர்மா வழக்குல இன்னும் தெளிவா சொல்லிருச்சு, அது பிறப்பால வர்ற உரிமை. பொறந்ததால வந்த உரிமையை மொட்டை அடிச்சு அழிக்க முடியாது.

இப்போ முக்கியமான ஒண்ணு கவனிங்க. அந்த நிலம் அப்பா சொந்தமா சம்பாதிச்சு வாங்கினதா இருந்தா அவர் உயிரோட இருக்கற வரைக்கும் அதுல உங்களுக்குப் பங்கே கிடையாது, உங்க கையெழுத்து இல்லாமலே அவர் வித்துட்டுப் போகலாம், நாளைக்கு வரப்போற பங்கை இன்னிக்கே எழுதிக் குடுக்கறதும் சட்டப்படி செல்லாது. அப்படி இருக்கும்போது தம்பி உங்களைத் தேடி வர்றார்னா ஒண்ணு நிலம் பூர்வீகம், இல்ல தாத்தா பேர்லயே பட்டா இருக்கு, வாங்கறவங்களோட வக்கீல் மகள் கையெழுத்து இல்லாம முடியாதுன்னு சொல்லியிருப்பார். வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்க, சர்வே நம்பர் தெரிஞ்சா ஆன்லைன்லயே கிடைக்கும். பட்டா சிட்டாவும் பாருங்க. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே பாகப்பிரிவினை ரெஜிஸ்டர் ஆயிருந்தா கதை வேற.

இன்னொரு பயம் எனக்கு இருக்கு. வாரிசு சான்றிதழ் வாங்கறப்போ விஏஓ ஊருக்குள்ள விசாரிப்பார், அப்போ எங்களுக்கு பையன் மட்டும்தான், பொண்ணு செத்துருச்சுன்னு நாலு பேர் சொன்னா அப்படியே எழுதிட்டுப் போற ஆளுங்களும் இருக்காங்க. எங்க பக்கத்துல இதைப் பார்த்திருக்கேன். அது பொய்த் தகவல், கிரிமினல் கேஸ் ஆகும், ஆனா கேஸ் போட்டு ஜெயிக்கறதுக்கு வருஷக்கணக்கா ஆகும். அதனால இப்பவே தாசில்தாருக்கு ஒரு மனு, நான் இன்னாரோட மகள், உயிரோட இருக்கேன், என் அட்ரஸ் இதுன்னு எழுதி பதிவுத் தபால்ல அனுப்பி ரசீதை பத்திரமா வெச்சிக்கோங்க.


அஜம்கர் ரிட்டர்ன்:

வக்கீல் சார் சொல்றதை லேசா எடுத்துக்காதீங்க. நான் உத்தரப்பிரதேசத்துல அஜம்கர் பக்கம் வேலை பார்த்தவன். அங்க லால் பிஹாரின்னு ஒரு விவசாயி, லோன் வாங்க போன இடத்துல ரெக்கார்டுல நீ செத்துட்டேன்னு சொல்லியிருக்காங்க. சித்தப்பா ஆபீசருக்கு காசு குடுத்து அவரைச் செத்தவரா காட்டி நிலத்தை மாத்திக்கிட்டார். 1976ல ஆரம்பிச்சு 1994ல தான் மறுபடி உயிரோட இருக்கார்னு பேப்பர்ல வந்துச்சு. நடுவுல தன்னோட இறுதிச் சடங்கை தானே நடத்தினார், பொண்டாட்டிக்கு விதவை உதவித்தொகை கேட்டு மனு போட்டார், தன் பேர் எங்கயாவது பதிவாகட்டும்னு எலக்‌ஷன்ல ராஜீவ் காந்தியை எதிர்த்தே நின்னார். அவரை மாதிரி பேப்பர்ல செத்துப்போனவங்களைச் சேர்த்து மிருதக் சங்கம்னு ஒண்ணும் நடத்தறார். அந்த சங்கத்துல இருக்கவங்க கதையெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், நிலம். உங்க ரேஷன் கார்டு, வோட்டர் லிஸ்ட், ஆதார் எல்லாத்தையும் ஒரு தடவை செக் பண்ணிருங்க.


காவிரிக்கரை வாத்தியார்:

குழந்தே, நான் பள்ளிக்கூடத்துல சமஸ்கிருதம் சொல்லிக் குடுத்து ரிட்டயர் ஆனவன், வீட்ல வைதீகமும் உண்டு. நீ கேட்ட சடங்கு விஷயத்துக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

உயிரோட இருக்கவாளுக்கு காரியம் பண்றது சாஸ்திரத்துல நாலஞ்சு விதமா இருக்கு. சந்நியாசம் வாங்கறவர் தனக்குத்தானே சிரார்த்தம் பண்ணிண்டுதான் வாங்குவார், அது அவரோட இஷ்டம். பல வருஷம் காணாமப் போனவனுக்கு தர்ப்பையால உருவம் பண்ணி தகனம் பண்றது உண்டு. அப்படிப் பண்ணினவன் திரும்பி வந்துட்டான்னா அவனை நெய்யில முக்கி எடுத்து, பொறந்த குழந்தைக்குப் பண்ற ஜாதகர்மத்துல ஆரம்பிச்சு எல்லாத்தையும் மறுபடி பண்ணி, அவன் பொண்டாட்டியையே அவனுக்கு மறுபடி கல்யாணம் பண்ணி வைக்கணும்னு இருக்கு. கிரேக்க தேசத்துலயும் செத்ததா நெனச்சு காரியம் பண்ணினவன் திரும்பி வந்தா அவனைக் குளிப்பாட்டி குழந்தை மாதிரி துணியில சுத்தி தாய்ப்பால் குடுக்கற வழக்கம் இருந்ததா படிச்சிருக்கேன்.

உன் வீட்ல பண்ணினதுக்கு கிட்ட வர்றது கடஸ்போடம்னு சொல்லுவா. மனுஸ்மிருதி 11ஆம் அத்தியாயத்துல இருக்கு. பெரிய பாவம் பண்ணி விழுந்தவனுக்கு ஊருக்கு வெளியில, நல்ல நாள் இல்லாத ஒரு நாள் சாயங்காலம், பங்காளிகள் சேர்ந்து தண்ணி விடணும், வேலைக்காரி ஒருத்தி தண்ணிக்குடத்தைக் காலால தள்ளி விடணும், பங்காளிகளுக்கு ஒரு நாள் தீட்டு, அவ்வளவுதான். போஸ்டரும் பதினாறாம் நாள் விருந்தும் இதுல எங்கயும் இல்லே. நீ பண்ணிண்டது கல்யாணம், அதைப் பாவம்னு நான் எண்ணலே. நான் சொல்ல வந்தது வேற. அதே இடத்துல அடுத்த நாலு சுலோகம் தள்ளி, அவனைத் திரும்பச் சேர்த்துக்கற முறையும் இருக்கு. என்னன்னா, அவன் பிராயச்சித்தம் முடிச்சதும் சொந்தக்காரா எல்லாரும் அவனோட சேர்ந்து ஒரே குளத்துல குளிக்கணும், தண்ணி நிரம்பின புதுக் குடத்தை அந்த ஜலத்துல போடணும், அப்புறம் அவன் வீட்டுக்குள்ள வந்து முன்னே மாதிரி எல்லாக் காரியத்துலயும் கலந்துக்கலாம். பொம்மனாட்டிக்கும் இதே முறைன்னு போட்டிருக்கு.

சேர்ந்து குளிக்கணும்னு இருக்கு, பாத்துக்கோ. உன்னை மட்டும் நிக்க வெச்சு தலையில தண்ணி ஊத்தச் சொல்லி எங்கயும் சொல்லலே. அபராதம், கால்ல விழறது எல்லாம் உங்க பெரியப்பா சேர்த்தது. உங்க வீட்டுக்காரா யாராவது சாஸ்திரம் பேசினா இதைச் சொல்லு, உங்கப்பா அம்மா தம்பி பெரியப்பா எல்லாரும் கண்மாயில இறங்கி உன்னோட முங்கட்டும்.


தெக்கத்தி மாடசாமி:

எல்லாரும் பொண்ணு பக்கமே பேசறீங்க. பெத்தவங்க வலி உங்களுக்குத் தெரியாது. இருபது வருஷம் வளர்த்துட்டு ஒரு நாள் விடிஞ்சா ஆள் இல்லன்னா அந்த அப்பன் ஊருக்குள்ள எப்படி தலை நிமிர்ந்து நடப்பான். வெட்டல குத்தல, மனசைத் தேத்திக்க ஒரு காரியம் பண்ணிக்கிட்டாங்க. இதுல யாருக்கு என்ன நஷ்டம்? தங்கச்சி, அப்பா பேர் சொல்லிக் கூப்பிடறார்னா அபராதத்தைக் கட்டிட்டு போய்ப் பாரும்மா, பணம் இன்னிக்கு வரும் போகும்.


சிவப்பு ரிப்பன்:

மாடசாமி அண்ணே, அப்பாவோட வலி பொய்ன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா யாருக்கு நஷ்டம்னு கேட்டீங்களே, அதுக்கு பதில் சொல்லணும்.

நான் காதல் கல்யாணம் பண்ணின ஜோடிகளுக்கு அடைக்கலம் குடுக்கற ஆளுங்களோட சேர்ந்து வேலை பார்த்திருக்கேன். ஒரு வீட்ல கருமாதி பண்ணியாச்சுன்னு கேள்விப்பட்டா நாங்க அதை ஆறுதலா எடுத்துக்கறது இல்ல, அன்னிக்குத்தான் பயம் ஜாஸ்தி ஆகும். ஊர் முன்னாடி அவ செத்துட்டான்னு சொல்லியாச்சு, சாப்பாடும் போட்டாச்சு, நாளைக்கு அவ கைக்குழந்தையோட ஊர் பஸ் ஸ்டாண்ட்ல வந்து இறங்கினா சொன்ன சொல் பொய்யாகிருதே. அந்தப் பொய்யை உண்மையாக்கணும்னு நெனைக்கறவன் சித்தப்பா பெரியப்பா மகன்ல ஒருத்தனாவது இருப்பான். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பட்டப்பகல்ல சங்கரை வெட்டினாங்க, கௌசல்யா தலையில வெட்டு வாங்கி உயிர் பிழைச்சாங்க. 2003ல விருத்தாசலம் பக்கத்துல கண்ணகி முருகேசன் ரெண்டு பேருக்கும் விஷத்தைக் குடுத்து எரிச்சாங்க, அதுல கண்ணகியோட அப்பாவும் அண்ணனும் குற்றவாளின்னு கோர்ட்டே சொல்லுச்சு. எல்லாக் கருமாதியும் கொலையில முடியும்னு சொல்ல வரல, நெறைய வீட்ல அதோட நிக்குது, அது எனக்கும் தெரியும். ஆனா உயிரோட இருக்க ஒரு ஆளை செத்துட்டாங்கன்னு பத்துப் பேர் கூடி ஒத்துக்கறது சின்ன விஷயம் இல்லண்ணே. உயிரோட இருக்கவளுக்கு எதிரா ஊரைச் சாட்சி வெக்கற வேலை அது.

கரிசல்மண் அக்கா, வீட்டுக்காரரையும் பாப்பாவையும் விட்டுட்டு தனியா வான்னு சொல்றாங்க பாருங்க, எனக்கு அதுதான் உறுத்துது. தனியா மட்டும் போகாதீங்க. 2016லயே சென்னை ஹைகோர்ட் இந்த மாதிரி ஜோடிகளுக்காக ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஸ்பெஷல் செல் வைக்கச் சொல்லியிருக்கு, 2018ல சுப்ரீம் கோர்ட்டும் சக்தி வாகினி வழக்குல அதையே சொல்லுச்சு. எஸ்பி ஆபீஸ்ல கேளுங்க. 181 பெண்கள் ஹெல்ப்லைன், போன்ல சேவ் பண்ணி வெச்சிக்கோங்க.


நாஞ்சில் வடக்குத்தெரு:

எங்க பக்கம் கேரளா எல்லை. அங்க நம்பூதிரி வீடுகள்ல ஸ்மார்த்த விசாரம்னு ஒண்ணு இருந்துச்சு. ஒரு வீட்டுப் பொண்ணுக்கு வேற ஆம்பளையோட தொடர்புன்னு சந்தேகம் வந்தா தனி அறையில அடைச்சு வெச்சு விசாரிப்பாங்க, விசாரணை முடியற வரைக்கும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, சாதனம்னு பொருளைச் சொல்ற மாதிரி சொல்லுவாங்க. குற்றம்னு முடிவானா கையில இருக்க ஓலைக்குடையைப் பிடுங்கி, வெளிய தள்ளிக் கதவை அடைச்சு, உள்ள அவளுக்குப் பிண்டம் வெச்சுருவாங்க. 1905ல கொச்சி சமஸ்தானத்துல குறியேடத்து தாத்ரியை விசாரிச்சப்போ அந்தம்மா ஒவ்வொருத்தன் பேரா ஆதாரத்தோட சொல்லி அறுபதுக்கு மேல ஆம்பளைங்களையும் தன்னோட சேர்த்து சாதியை விட்டு வெளிய இழுத்துட்டாங்க. அதை ஏன் சொல்றேன்னா, இந்த சடங்கு பண்றப்போ அழுகை சத்தம்தான் வெளிய கேக்குது, ஆனா உள்ள நடக்கறது கணக்கு தீர்க்கறது. மிச்சம் இருக்கவங்களுக்கு சாதியில எடம் போயிரக்கூடாது, அடுத்த பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்கணும், அதுக்காக ஒருத்தியை அறுத்து விடறது. அக்கா, உங்க தம்பிக்கு இல்ல பெரியப்பா வீட்ல யாருக்காவது அப்போ கல்யாணம் பேசிட்டு இருந்தாங்களான்னு யோசிச்சுப் பாருங்க.


கரிசல்மண்:

@நாஞ்சில் ஆமாங்க. பெரியப்பா மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்துச்சு. போஸ்டர்ல முதல் பேர் அப்பாவோடது, ஆனா அச்சடிக்க சிவகாசிக்குப் போனது பெரியப்பாதான்னு அம்மா சொல்லுச்சு. இதை நான் சேர்த்துப் பார்த்ததே இல்ல.


கூடப்பொறந்தவன்:

அக்கா, நான் வேற ஊர், வேற சாதி, ஆனா உங்க தம்பி இடத்துல இருந்தவன். எங்க அக்காவுக்கு இதே மாதிரி பண்ணினப்போ நான் ஒன்பதாவது படிச்சிட்டு இருந்தேன். வீட்டுக்குள்ள என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்ல, அதனால சொல்றேன்.

காரியம் முடிஞ்ச அன்னிக்கே அக்கா போட்டோ எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. குரூப் போட்டோவுல இருக்க முகத்தை மட்டும் கத்தரியால வெட்டினாங்க. ரேஷன் கார்டுல பேரை எடுத்தாங்க. அவ பேர் இருக்க வேற யாரையும் வீட்ல பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், பக்கத்துத் தெருவுல அதே பேர்ல ஒரு சின்னப்பொண்ணு இருந்துச்சு, அதை பாப்பான்னுதான் சொல்லுவோம். நெஜமாவே செத்தவங்களுக்கு வருஷா வருஷம் திதி குடுப்போம், புடிச்சதைச் சமைச்சு படையல் போடுவோம், அவங்களைப் பத்திப் பேசுவோம் அழுவோம். அக்காவுக்கு அதுவும் கிடையாது. செத்தவங்களுக்கு கிடைக்கற மரியாதை கூட அவளுக்கு எங்க வீட்ல கிடைக்கல. எங்கம்மா தீபாவளிக்கு துணி எடுக்கப் போனா அக்கா அளவுக்கு ஒரு ஜாக்கெட் பிட்டு வாங்கிட்டு வந்து டிரங்குப் பெட்டிக்குள்ள போட்டு வெக்கும். அப்பாவுக்கு அது தெரியும், ஒரு தடவை கூட ஏன்னு கேட்டதில்ல.

எங்க வீட்ல எல்லாம் மாறினது ஆஸ்பத்திரியிலதான். அம்மாவுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன், அக்கா நேரா வார்டுக்கு வந்துட்டா, மாமாவும் வந்தாங்க. அங்க ஊர்க்காரன் இல்ல, படியேறக்கூடாதுன்னு சொல்ல அங்க வீட்டுப்படி இல்ல. நர்ஸ் வந்து ரத்தம் குடுக்க யார் இருக்கான்னு கேட்டாங்க, மாமா கையை நீட்டிட்டார். அப்பா ஒண்ணும் பேசல. சாயங்காலம் வெளிய போய் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வந்தார், மாமாவுக்கும் சேர்த்து. எந்தச் சடங்கும் நடக்கல, யாரும் யார்கிட்டயும் மன்னிப்பு கேக்கல. கேட்டிருக்கணும், அது எனக்கு இன்னும் மனசுல இருக்கு, அக்காவுக்கும் இருக்கு.

அதனால ஊருக்குப் போகாதீங்க, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போங்க. மாமாவையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. உங்கம்மா அங்கதான இருப்பாங்க. பெரியப்பா வெச்ச முறை அந்த வார்டு வாசல்ல செல்லாது. தம்பிகிட்ட நிலத்தைப் பத்தி அங்க பேச வேண்டாம், அவன் பேசினாலும் அப்புறம் பேசிக்கலாம்னு சொல்லுங்க.


வன்னி மண்மகள்:

நான் வவுனியாவில இருந்து எழுதுறன். இதை வாசிச்சு ரெண்டு நாளா நித்திரை இல்லை.

எங்கட பக்கத்தில கதை முழுக்க மற்றப் பக்கம், தங்கச்சி. 2009 மே மாசம் யுத்தம் முடியேக்க முல்லைத்தீவு வட்டுவாகலில பிள்ளையள தங்கட கையால இலங்கை ஆமியிட்ட ஒப்படைச்சு, பிறகு அவையளைக் காணாத தாய்மார் இங்க இருக்கினம். 2017 பெப்ரவரி 24ல இருந்து வவுனியாவில றோட்டோரம் கொட்டில் போட்டுக்கொண்டு படத்தைக் கையில வச்சுக்கொண்டு இருந்தவை. அரசாங்கம் மரணச் சான்றிதழ் தாறன் எண்டது, கன பேர் வாங்கேல்லை. 2016ல சட்டத்தைத் திருத்தி, ஆளைக் காணேல்லை எண்டு ஒரு சான்றிதழ் தாறம் எண்டும் வந்தவை. 2020ல அப்ப இருந்த சனாதிபதி, காணாமல் போனவை எல்லாரும் செத்துப்போச்சினம் எண்டு ஐநா ஆளிட்டையே சொன்னவர். அந்தத் தாய்மார் இண்டைக்கும் செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டி செய்யேல்லை, திவசம் குடுக்கேல்லை. புருசனைக் குடுத்தவை பொட்டை அழிக்கேல்லை. காரியம் செய்தா பிள்ளையை நாங்களே கொண்ட மாதிரி எண்டு சொல்லுவினம். என்ர சித்தியும் அதில ஒரு ஆள், மகன்ர படத்துக்கு மாலை போட விடமாட்டா, விளக்கும் கொளுத்த விடமாட்டா. கன பேர் அப்படியே காத்திருந்து செத்தும் போச்சினம்.

பிள்ளை உயிரோட இருக்கோ எண்டு தெரியாமலே காரியம் செய்யமாட்டன் எண்டு நிக்கிற தாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிற எனக்கு, பிள்ளை உயிரோட இருக்கெண்டு தெரிஞ்சு, போன் நம்பரும் வச்சுக்கொண்டு கருமாதி செய்த கதையைத் தாங்க ஏலாமல் கிடக்கு. உங்கட அப்பாவில எனக்குக் கோவம் வருது, மறைக்கேல்லை. ஆனா வாய் இழுத்துப்போன மனுசன் உங்கட பேரைச் சொல்லுறார். போய் பாருங்கோ. அவருக்காகப் போகச் சொல்லேல்லை, உங்கட அம்மாவுக்காகவும் உங்களுக்காகவும் போங்கோ.


தெக்கத்தி மாடசாமி:

நான் எழுதினது வேற மனசுல எழுதினது. எங்க வீட்லயும் ஒரு பொண்ணு இருக்கு, படிச்சிட்டு இருக்கு. வன்னி அக்கா எழுதினதைப் படிச்சிட்டு அதுகிட்ட கொஞ்ச நேரம் பேசிட்டு இருந்தேன். தங்கச்சி, தனியா போகாத. அபராதமும் கட்டாத.


கரிசல்மண்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் எழுதணும், இப்போதைக்கு என்ன முடிவு பண்ணினோம்னு மட்டும் சொல்லிடறேன்.

வீட்டுக்காரர்கிட்ட இந்த த்ரெட் முழுக்க படிச்சுக் காட்டினேன். ஞாயித்துக்கிழமை மூணு பேரும் மதுரைக்குப் போறோம், ஆஸ்பத்திரிக்கு மட்டும். ஊருக்குப் போகல. பக்கத்து வீட்டு அக்கா மூலமா அம்மாவுக்கு சொல்லிட்டேன், அம்மா கேட்ட ஒரே கேள்வி பாப்பா என்ன சாப்பிடுவான்னு. பெரியப்பாவுக்கு வீட்டுக்காரர் போன் பண்ணி நாங்க முறை எதுவும் செய்யப் போறதில்ல, அபராதமும் கட்டப் போறதில்லன்னு மரியாதையாவே சொல்லிட்டார். வாத்தியார் ஐயா சொன்னதை நானும் ஒரு வரி வாய்ஸ் மெசேஜ் போட்டேன், எல்லாரும் சேர்ந்து கண்மாயில முங்கறதா இருந்தா சொல்லுங்க பெரியப்பா, நான் வர்றேன்னு. பதில் இல்ல.

நிலம் பூர்வீகம்தான், வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, பட்டா இன்னும் தாத்தா பேர்ல இருக்கு. எனக்கு அந்த நிலத்துக் காசு வேண்டாம், ஆனா தம்பி பேருக்கு விடுதலை எழுதிக் குடுக்கவும் மாட்டேன். நாளைக்கு அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா அம்மா யார் கையை எதிர்பார்த்து நிக்கும்? என் பங்கு அம்மா பேருக்குப் போகணும். வக்கீல் சார், அதை எப்படிப் பண்றது?


மாவட்டகோர்ட் வாசல்:

நல்ல முடிவும்மா. விடுதலைப் பத்திரம் தம்பி பேருக்கு வேண்டாம். அப்பாவுக்கு கூடப்பொறந்தவங்க பங்கும் அதுல இருக்கும், முதல்ல தாத்தாவோட வாரிசுகள் எல்லாரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் ரெஜிஸ்டர் பண்ணட்டும், அதுல மகள்னு உங்க பேர் வரணும். உங்களுக்கு ஒதுங்கற பங்கை தனியா அம்மா பேருக்கு செட்டில்மென்ட் எழுதிருங்க. ஆஸ்பத்திரி செலவுக்கு அவசரம்னா வித்த பணத்துல உங்க பங்கை அம்மா பேர்ல பேங்க்ல போடறதா எழுத்துல வாங்கிக்கிட்டு விக்கற பத்திரத்துல நீங்களும் ஒரு ஆளா சேர்ந்து கையெழுத்து போடலாம். எதுவா இருந்தாலும் அவங்க கொண்டு வர்ற டிராஃப்ட்டை உங்க வக்கீல் ஒருத்தர் படிக்காம பேனாவைத் தொடாதீங்க. அப்பா இப்போ கையெழுத்து போடற நிலைமையில இருக்காரான்னு டாக்டர்கிட்ட சர்டிபிகேட்டும் கேக்க வேண்டி வரும், ஞாயித்துக்கிழமை போறப்போ டூட்டி டாக்டர்கிட்ட அதையும் விசாரிச்சு வைங்க. தாசில்தாருக்கு மனு அனுப்பிட்டீங்களா?


கரிசல்மண்:

இன்னிக்கு காலையில அனுப்பிட்டேன் சார், ரசீது இருக்கு. டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து எழுதறேன்.